வீட்டு விலையில் விற்கப்படும் பொதுப்பள்ளி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘அமெரிக்காவில் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறது’ என்று யாராவது எடுத்துச் சொல்வார்கள். சொல்வதில் தவறில்லை. அந்நாட்டுப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கட்டணமில்லாத பொதுப்பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பெருநகரங்களைச் சுற்றியுள்ள வளமான புறநகர்களின் உயர்நிலைப் பள்ளிகள், எந்த நாட்டின் சிறந்த பள்ளிக்கும் ஈடு கொடுக்கக்கூடியவை. ஆனால், அந்தக் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் அதே வசதியுள்ள இன்னொரு வீட்டுப் பிள்ளைதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் ஒரு பள்ளி பொதுப்பள்ளி ஆகிவிடாது. அதன் வாசலும் பொதுவாக இருக்க வேண்டும். அமெரிக்கப் புறநகர்ப் பள்ளியின் உள்ளே நாம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. அதன் வாசலில் இருப்பதோ பெரிய அநீதி. அந்த அநீதி தானாக முளைத்ததல்ல. சட்டங்களும் தீர்ப்புகளும் சேர்ந்து கட்டியது. மனிதர்கள் கட்டியதை மனிதர்கள் மாற்றிக் கட்ட முடியும்.

உள்ளே இருக்கும் செல்வம்

சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி வரிசையாகச் சில சிற்றூர்கள் இருக்கின்றன: வில்மெட், கெனில்வொர்த், வின்னெட்கா, க்ளென்கோ. ‘ஹோம் அலோன்’ படத்தில் சிறுவன் தனியாக மாட்டிக்கொள்ளும் அந்தப் பெரிய வீடு வின்னெட்காவில்தான் இருக்கிறது. இந்த ஊர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பொதுவான உயர்நிலைப் பள்ளி நியூ ட்ரையர். 1901இல் தொடங்கிய இந்தப் பள்ளியில் இன்று நாலாயிரத்தை நெருங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு நார்த்ஃபீல்டில் ஒரு வளாகம். 10, 11, 12ஆம் வகுப்புகளுக்கு வின்னெட்காவில் ஒரு வளாகம். நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனும் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் இங்கே படித்தவர்கள்.

இந்தப் பள்ளியின் நாள் பாடத்தோடு தொடங்குவதில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து மாணவர்கள் கொண்ட சிறு குழு, தன் ஆலோசக ஆசிரியரோடு காலையில் சற்று நேரம் உட்கார்ந்து பேசுகிறது. அந்த ஆசிரியர் வெறும் வருகைப்பதிவு எடுப்பவரல்ல. யார் தூங்காமல் வந்திருக்கிறார், யார் வீட்டில் பிரச்சினை, யாருக்குக் கணக்கு பிடிபடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நூறாண்டாக நடந்துவரும் ஏற்பாடு இது. நாலாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைகூட முகமற்றுப் போய்விடக்கூடாது என்ற கவலைதான் இதன் அடிப்படை.

பிறகு வகுப்புகள். மணி அடித்தால் அறை மாறுவது ஆசிரியர் அல்ல, மாணவர்தான். ஒரே வயதுடைய இருவர் ஒரே பாடங்களைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருவர் கல்லூரி அளவிலான இயற்பியலும் மண்பாண்டக் கலையும் எடுக்கலாம். இன்னொருவர் நாடகமும் புள்ளியியலும் எடுக்கலாம். நீச்சல் குளம், இசைக்குழுக்கள், மாணவர்களே நடத்தும் 88.1 பண்பலை வானொலி எல்லாம் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. மாற்றுத்திறனாளி மாணவர்களை ஒதுக்கிவைக்க 1975இல் வந்த மத்தியச் சட்டம் இடம் தருவதில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுதி, பெற்றோரை உட்காரவைத்துப் பேசி நடைமுறைப்படுத்துவது பள்ளியின் கடமை.

நிர்வாகமும் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. நியூ ட்ரையர் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில், பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகப் பகுதியான ‘பள்ளி மாவட்ட’த்தின் குழுவுக்கு ஏழு பேரை ஊர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பட்ஜெட்டும் பாடத்திட்டமும் பொதுக்கூட்டத்தில் விவாதிக்கப்படும். எந்தப் பெற்றோரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். ஒரு பள்ளியைத் தன் பள்ளியாக ஊர் நினைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்த அமைப்பின் வேர் ஆழமானது. உயர்நிலைப் பள்ளிக்கும் வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1874இலேயே தீர்ப்பளித்தது. 1910இல் பதினெட்டு வயதினரில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடித்ததில்லை. 1940க்குள் அது பாதிக்குப் பாதி ஆனது. 2023இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு வளர்ச்சிக்கு இந்தப் பள்ளி எழுச்சியே முக்கியமான காரணம் என்று விரிவாக எழுதியிருக்கிறார்.

வாசலில் கேட்கும் காகிதங்கள்

இவ்வளவு நல்ல பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க என்ன வேண்டும்? நுழைவுத் தேர்வு இல்லை, நன்கொடை இல்லை, சிபாரிசும் இல்லை. சேர்க்கை மேசையில் கேட்பது முகவரிக்கான சான்றுகளை: சொந்த வீடென்றால் பத்திரமோ சொத்து வரி ரசீதோ, வாடகை வீடென்றால் ஒப்பந்தம், அதோடு மின்கட்டண பில், வாகன ஓட்டுநர் உரிமம். ‘இந்த முகவரியில்தான் பிள்ளையோடு குடியிருக்கிறோம்’ என்று கையெழுத்தும் போட வேண்டும். பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்துகொண்டு, உள்ளே இருப்பதாக வேண்டுமென்றே பொய் சொல்லிச் சேர்த்தால் இல்லினாய் சட்டப்படி அது குற்றம். சந்தேகம் வந்தால் துப்பறிவாளர்களை வைத்துப் பிள்ளை காலையில் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று கண்காணிக்கும் பள்ளி மாவட்டங்களும் அந்நாட்டில் உண்டு.

ஆவணமில்லாமல் நாட்டுக்குள் வந்த குடும்பத்தின் பிள்ளையையும் பொதுப்பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த வழக்கு அது. ஆக, எந்த நாட்டுக் குடிமகன் என்று பள்ளி கேட்கக்கூடாது. எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்று கேட்கலாம். வீட்டையே இழந்து நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் 1987இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக முகவரிச் சான்றிலிருந்து விலக்குக் கிடைத்தது. வீடிருந்தும் அது ஏழைப் பகுதியில் இருக்கிறது என்றால் விலக்கில்லை.

நம் ஊர்களில் பொதுக்கிணறு என்று பெயர் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கும் உரிமையை ஒரு தெருவுக்கு மட்டும் வைத்திருந்த காலத்தை நாம் அறிவோம். இங்கும் பெயர் பொது, உரிமை தெருவுக்கு.

2011இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு தாய் சிறைக்குப் போனார். பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் இருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்து மகள்களைச் சேர்த்ததுதான் அவர் செய்த குற்றம். கடுங்குற்றமாகப் பதிவான அந்தத் தண்டனையை, நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஆளுநர் ஜான் கேசிக் குறைத்தார். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேடியதற்காக ஒரு தாயைக் கம்பிக்குள் வைத்த சட்டம் பொதுக்கல்விச் சட்டமாக இருக்க முடியாது.

2008 செப்டம்பரில் சிகாகோ பள்ளிகள் திறந்த முதல் நாள். மாநில செனட்டரும் மத போதகருமான ஜேம்ஸ் மீக்ஸின் அழைப்பை ஏற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகாகோ மாணவர்கள் தங்கள் பள்ளிக்குப் போகாமல் பஸ்களில் ஏறி நியூ ட்ரையரின் நார்த்ஃபீல்ட் வளாகத்துக்குப் போனார்கள். வரிசையில் நின்று சேர்க்கைப் படிவங்களை நிரப்பினார்கள். இடம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போது சிகாகோ நகரப் பள்ளிகள் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் செலவிட்டது சுமார் 10,000 டாலர். நியூ ட்ரையர் செலவிட்டது சுமார் 17,000 டாலர். இடையில் இருந்தது ஒரு மணி நேரப் பயணம்தான். ஜொனதன் கோசல் 1991இல் எழுதிய ‘சாவேஜ் இனீக்வாலிட்டீஸ்’ என்ற நூலும் இதே நியூ ட்ரையரைச் சிகாகோவின் ஏழைப் பள்ளிகளோடு ஒப்பிட்டிருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்தும் மாணவர்கள் அதே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்க வேண்டியிருந்தது.

சொத்து வரியின் கணக்கு

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று அறிய, வின்னெட்காவில் ஒரு வீட்டுக்கு வரும் சொத்து வரி ரசீதைப் பார்த்தால் போதும். ஊராட்சி, பூங்கா, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. அவற்றில் பெரிய தொகைகள் பள்ளிகளுக்கு: தொடக்கப் பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று, நியூ ட்ரையர் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் 203க்கு ஒன்று. அந்த ஊரில் வீட்டின் சராசரி விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டும். நம் கணக்கில் எட்டு கோடி ரூபாய்க்கு மேல். வீடுகளின் மதிப்பு அவ்வளவு உயரத்தில் இருந்தால், வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பள்ளியின் கஜானா நிறையும். வீட்டு மதிப்பு சரிந்த ஊரில் மக்கள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினாலும் கஜானா நிறையாது.

இந்த அநியாயம் ஒருமுறை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நானூறு பேர் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். உடைந்த ஜன்னல்கள், தகுதியில்லாத ஆசிரியர்கள் என்று அவர்களுக்குப் பல குறைகள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் பகுதி அது. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தின் முன் வைத்த கணக்கு இது: எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரின் வசதியான அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட் கட்டினார்கள். உள்ளூர் வரியிலிருந்து எட்ஜ்வுட் மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது 26 டாலர்; அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 333 டாலர். மாநில, மத்திய நிதியைச் சேர்த்த பிறகும் 356 டாலருக்கு எதிரே 594 டாலர் என்று இடைவெளி நீடித்தது. அதிகம் கொடுத்தவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி என்பது மத்திய அரசியலமைப்பு உறுதியளித்த அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மை. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கில் இன்னொரு அடி விழுந்தது. நகரத்தின் கறுப்பின மாணவர்களையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களின் வெள்ளை மாணவர்களையும் ஒன்றுசேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தை, அதே ஐந்துக்கு நான்கில் நீதிமன்றம் நிராகரித்தது. முதல் தீர்ப்பு பணத்துக்கு எல்லை போட்டது. இரண்டாவது தீர்ப்பு பிள்ளைகளுக்கு எல்லை போட்டது. நிறத்தின் பெயரால் பள்ளியைப் பிரிக்கக்கூடாது என்ற 1954ஆம் ஆண்டின் மகத்தான தீர்ப்பு, புறநகரின் எல்லைக்கோட்டில் வந்து நின்றுபோனது.

கோட்டைப் போட்டவர்கள்

‘விரும்பியவர் விரும்பிய ஊரில் வீடு வாங்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நீண்ட காலம் அப்படி வாங்க முடியாமல் இருந்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதிவைக்கும் வழக்கம் அமெரிக்கப் புறநகர்களில் பரவலாக இருந்தது. அந்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல்தான் தீர்ப்பு வந்தது. 1934 முதல் அரசின் உத்தரவாதத்தோடு வந்த மலிவான வீட்டுக்கடன் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குத் திட்டமிட்டு மறுக்கப்பட்டது. போருக்குப் பின் புறநகர்கள் வேகமாகப் பெருகியபோது, அந்தக் கடனில் வீடு வாங்கிச் சொத்துச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

1965 ஜூலை 25 அன்று மார்ட்டின் லூதர் கிங் வின்னெட்காவின் ஊர்ப் புல்வெளிக்கு வந்து, ஆயிரக்கணக்கானோர் நடுவே பேசினார். நிறம் பார்க்காமல் வீடு விற்க வேண்டும் என்று அந்தக் கோடைக்காலத்தில் சிகாகோவின் வடக்கு ஏரிக்கரைப் புறநகர்களில் நடந்த இயக்கத்தின் பகுதி அது. இயக்கத்தில் வெள்ளையர்களும் திரளாக இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில், கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தானது. சட்டம் நிறத்தைப் பத்திரத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால், இன்ன அளவுக்குக் குறைந்த மனையில் வீடு கட்டக்கூடாது, அடுக்குமாடிக் குடியிருப்பு கூடாது என்ற ஊர் விதிகள் இருந்துகொண்டே இருந்தன. இப்போது விலையே வேலியாக நிற்கிறது.

வாசலைத் தாண்டிய பிறகும் எல்லாம் சமமாகிவிடுவதில்லை. சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் புறநகர், பல இனத்தவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று முயன்று உழைத்த ஊர். எழுத்தாளர் ஹெமிங்வே படித்த பள்ளி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பள்ளியில் ஓராண்டு படம்பிடித்து ஸ்டீவ் ஜேம்ஸ் 2018இல் வெளியிட்ட ‘அமெரிக்கா டு மீ’ என்ற ஆவணத் தொடர், ஒரே கட்டடத்துக்குள் கடினமான பாடங்கள் கொண்ட உயர்வகுப்புகளில் வெள்ளை முகங்களும் சாதாரண வகுப்புகளில் கறுப்பு முகங்களும் நிறைந்திருப்பதைக் காட்டியது. வில்மெட்டை ஒட்டிய எவன்ஸ்டன் நகரின் உயர்நிலைப் பள்ளி இந்தப் பிரிவினையைக் குறைக்க 2010இல் ஒன்பதாம் வகுப்பு மொழி, வரலாற்றுப் பாடங்களில் தனி உயர்வகுப்பை நீக்க முடிவெடுத்தது. கடும் விவாதத்துக்கு நடுவே எடுத்த துணிச்சலான முடிவு அது.

நம்மவர்களும் அந்தக் கோடும்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடத் தொடங்கியதும் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல வருது?’ என்பதுதான். நேப்பர்வில், எடிசன், கூப்பர்டினோ, ஃப்ரிஸ்கோ என்று நம்மவர் குவியும் ஊர்களின் பட்டியலே நல்ல பள்ளி மாவட்டங்களின் பட்டியல்தான். வீடு விற்கும் இணையதளங்களில் படுக்கையறை எத்தனை என்பதற்குப் பக்கத்திலேயே பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் இருக்கும். அந்த மதிப்பெண்ணைப் பெரிதும் தீர்மானிப்பது தேர்வு முடிவு. தேர்வு முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது குடும்பத்தின் வசதி. வசதியானவர்கள் வர வர மதிப்பெண் ஏறும். மதிப்பெண் ஏற ஏற வீட்டு விலை ஏறும். விலை ஏற ஏற மற்றவர்களுக்கு வாசல் மூடும்.

பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று நினைக்கும் எந்தப் பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், இந்தத் தலைமுறைத் தமிழர்கள் அமெரிக்கா வரை போனதன் பின்னணியை அவர்கள் மறக்கக்கூடாது. காமராஜர் ஆட்சியில் சிற்றூர்கள் தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளில் அவர்களுடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோ படித்திருப்பார்கள். அந்தப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அந்த ஊரின் வீட்டு மதிப்பைப் பொறுத்து இருக்கவில்லை, மாநிலம் கொடுத்தது. மழை பொய்த்த ஊரின் பள்ளிக்கும் விளைந்த ஊரின் பள்ளிக்கும் ஒரே சம்பள விகிதம்தான். இங்கும் குறைகள் ஆயிரம் உண்டு; தனியார் பள்ளிகள் இங்கே வேறொரு வேலியை எழுப்பியிருக்கின்றன. ஆயினும், ஏழை ஊருக்கும் மாநிலம் பொறுப்பு என்ற கொள்கையால் உயர்ந்தவர்கள், குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்ற புதிய ஊரில் அந்தக் கொள்கைக்காகப் பேசக் கடமைப்பட்டவர்கள்.

மாற்ற வழி உண்டு

உள்ளூர் நிதியில் கைவைத்தால் மக்கள் பள்ளியின் மேல் அக்கறையை இழந்துவிடுவார்கள் என்பது எதிர்வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. 1971இல் தொடங்கிய தீர்ப்புகளால் கலிஃபோர்னியாவில் பள்ளி நிதி சமப்படுத்தப்பட்டதும், 1978இல் மக்களே வாக்களித்துச் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டதும் தொடர்புள்ளவை என்று வாதிடும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே, வளமான பள்ளியைக் கீழே இழுப்பது தீர்வல்ல. ஏழைப் பள்ளியை மாநிலம் மேலே தூக்க வேண்டும்.

அது நடந்திருக்கிறது. எட்ஜ்வுட் பெற்றோர் மத்திய நீதிமன்றத்தில் தோற்றபின் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. நியூ ஜெர்சியில் தொடர்ச்சியாக வந்த தீர்ப்புகள், 31 ஏழைப் பள்ளி மாவட்டங்களுக்கு வளமான புறநகர்களுக்கு நிகரான நிதியையும், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான முன்பருவக் கல்வியையும் பெற்றுத்தந்தன. நியூ ட்ரையர் இருக்கும் இல்லினாயிலேயே 2017இல் புதிய நிதிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் என்ன தேவை என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் குறைந்தது 35 கோடி டாலர் கூடுதல் நிதியை, தேவைக்கு மிகவும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு முதலில் கொடுப்பதே அதன் நோக்கம். யாருக்கும் பழைய தொகை குறையாது.

பணம் கொடுத்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலம் முழுவதும் பத்து சதவீதம் கூடுதலாகச் செலவிட்டால், வளர்ந்தபின் அவர்கள் ஊதியம் ஏறத்தாழ பத்து சதவீதம் உயர்கிறது.

நிதியோடு நின்றுவிடவும் கூடாது. அடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, மாநிலம் செலவை ஏற்க, ஒவ்வொரு வளமான பள்ளியும் குறிப்பிட்ட இடங்களைத் திறக்க வேண்டும். சிறு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடம் மறுக்கும் ஊர் விதிகளை மாநிலங்கள் தளர்த்த வேண்டும். முகவரிக்காகப் பெற்றோரைக் குற்றவாளியாக்கும் சட்டப் பிரிவுகளை அகற்ற வேண்டும். இவற்றைத் தடுப்பதும் அனுமதிப்பதும் புறநகர் வாக்காளர்கள் கையில்தான் இருக்கிறது. நம்மவர்களும் அதில் அடக்கம்.

அறிவைத் தேடலுக்கும், நெஞ்சைக் கருணைக்கும், வாழ்வை மானுடத்தின் பணிக்கும் ஒப்படைப்பதே நியூ ட்ரையரின் குறிக்கோள் வாசகம். அந்தப் பள்ளி தன் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அங்கே படித்து, செனட்டர்களாகவும் நீதிபதிகளாகவும் வாக்காளர்களாகவும் ஆகும் தலைமுறை அந்தக் கருணையை எல்லைக்கோட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பள்ளி எவ்வளவு நல்லது என்பது பாதி அளவுகோல்தான். பக்கத்து ஊர் ஏழைப் பிள்ளைக்கும் அது கிடைக்கிறதா என்பது மீதி. ஒரு நாடு தன் பொதுப்பள்ளியைப் பற்றிப் பெருமை பேச, இரண்டிலும் தேற வேண்டும்.